இசையும் இந்திரஜாலமும்: மேடையோரத்தில் இருந்தவர்கள்

இந்த மலருக்காகப் பழைய நிகழ்ச்சி நிரல்களைத் தேடிக்கொண்டிருந்தபோது மஞ்சளேறிய ஒரு தாள் எங்கள் கைக்கு வந்தது. கட்டட நிதிக்காக நம் பள்ளி மண்டபத்தில் நடந்த மாயாஜாலக் காட்சியின் நிரல் அது. அறுபதுகளில் படித்தவர்களுக்கு அந்த மாலை நினைவிருக்கும். வித்தைக்காரரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. தலைமை தாங்கியவர், வரவேற்புரை, நன்றியுரை, இடைவேளையில் தேநீர் தந்த பெற்றோர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆர்மோனியம் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர் என்ற வரி மட்டும் இல்லை.

வாசித்த இருவரும் மாணவியர். கொழும்பிலிருந்து கோச்சியில் வந்த வித்தைக்காரர் நான்கு பெட்டிகளும் கூண்டில் ஒரு புறாவும் கொண்டுவந்தார், வாத்தியக்காரரைக் கொண்டுவரவில்லை. சங்கீத ஆசிரியை, எங்கள் வகுப்பில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தியை ஆர்மோனியத்துக்கு அனுப்பினார். மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்களுக்கு இரண்டு வகுப்புக் கீழே, விடுதியில் இருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, காமன் கூத்துக்குத் தப்படிக்கும் தகப்பனைப் பார்த்துத் தாளம் பழகியவள், கடைசி நேரத்தில் உட்கார வைக்கப்பட்டாள். அதற்கு முன் அவளை யாரும் மேடையில் ஏற்றியதில்லை.

ஒத்திகை பத்து நிமிடம். “தங்கச்சி, நான் லேஞ்சியை உதறினால் வேகம். பெட்டியை மூடினால் இன்னும் வேகம். என்ன நடந்தாலும் என்னைப் பார்க்கக் கூடாது, கை நிற்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் உடை மாற்றப் போய்விட்டார்.

அவள் பார்த்துவிட்டாள். பெண்ணைப் பெட்டிக்குள் ஏற்றி மூடி, மறுபடி திறந்து காட்டியபோது பெட்டி வெறுமையாக இருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. சுரம் முனகிக்கொண்டே இறங்கி அடங்கியது. மிருதங்கம் தொடர்ந்தது. ஆனால் இரண்டு தட்டுக்கு இடையில், பெட்டியின் அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் விழுந்தது. மூன்றாவது வரிசை வரை கேட்டது. மண்டபம் சிரித்தது. திரைக்குப் பின்னால், “உன்னால் என் பிழைப்புக் கெட்டது” என்று வித்தைக்காரர் சொன்னதை அவள் பல வருடம் மறக்கவில்லை. நாங்களும் அப்போது அவர் பக்கம்தான். இன்னொருவருடைய வித்தையை நம் பிள்ளை கெடுத்துவிட்டாள் என்று நினைத்தோம்.

அந்த வித்தையில் பாதி அவளுடையது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாயவித்தைக்கு இசை ஓர் அலங்காரம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பொய்த்தட்டு விழும் ஓசை, கப்பி இழுபடும் ஓசை, கீலின் கிறீச்சு இவற்றை மறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது எளிய வேலை. நுட்பமான வேலை சபையின் கவனத்தைக் கையாள்வது. மேளம் உருண்டு ஏறும்போது சபை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. தாளம் சமத்தில் வந்து விழுந்ததும் மூச்சை விடுகிறது, கை தட்டுகிறது, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த ஒரு கணத்தில் வித்தைக்காரரின் இடது கை சட்டைப் பைக்குள் போய்த் திரும்பிவிடும். ஒரு வித்தை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் அடுத்தது தொடங்கியிருக்கும். அந்த இடம் எது என்பதைத் தீர்மானிப்பது தாளம்.

பூட்டுச் சிக்கிக்கொண்டால், புறா பிடிவாதம் பிடித்தால், வாத்தியக்காரர் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். நீட்டுகிறார் என்பது சபைக்குத் தெரியக் கூடாது. ஆகவே வாசிப்பவருக்கு இரகசியம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்தான் வியக்காமல் வாசிப்பார். எங்கள் பிள்ளைக்கு அது சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் அவள் கை நின்றிருக்காது என்று இன்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஸ்பெயின் நாட்டின் பேர்பெற்ற சீட்டு வித்தைக்காரர் ஹுவான் தமாரிஸ் மேடைக்கு வாத்தியக்காரரை அழைத்து வருவதில்லை. வித்தை உச்சத்துக்கு வரும்போது கையில் இல்லாத வயலினைத் தோளில் வைத்து, வாயால் ராகமிழுத்து வாசித்துக் காட்டுவார். சபை சிரிக்கும். ஆனால் அந்த வயலின் இல்லாமல் அவருக்கு ஆகாது.

நம் ஊர்களில் இந்தக் கூட்டு மிகப் பழையது. ‘செப்படி வித்தை’ என்ற சொல்லில் வரும் செப்பு, வித்தைக்காரர் தரையில் கவிழ்த்து வைக்கும் சிறு கிண்ணம். அடியில் வைத்த குண்டு ஒன்றிலிருந்து மறைந்து இன்னொன்றில் தோன்றும். தெருவில் அதைச் செய்பவர் ஒரு கையில் சிறு உடுக்கையை வைத்திருப்பார். அது கூட்டம் சேர்ப்பதற்கு என்றே நினைத்திருந்தோம். கூட்டம் சேர்ந்த பிறகும் ஏன் அதைக் கீழே வைப்பதில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. உடுக்கை அசையும் கையைக் கண் தொடரும். மற்றக் கை தன் வேலையைப் பார்க்கும்.

மகுடியின் கதை இன்னும் வேடிக்கை. கண்டிக்கு வந்த எந்தப் பயணியும் பாம்பாட்டியைப் பார்க்காமல் போனதில்லை. இலங்கையில் பாம்பாட்டுவோரில் பலர் தெலுங்கு பேசும் அஹிகுண்டிக மக்கள். சுரைக்குடுக்கையில் இரண்டு குழல்களைச் செருகிய கருவி மகுடி. ஒரு குழல் விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றதில் ராகம் ஓடும். அந்த ராகத்தைக் கேட்டால் நாம் உடனே புன்னாகவராளி என்போம். கேட்டு மயங்குவது நாம்தான். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வை உணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும் என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது படமெடுத்து ஆடுவது ஊதுபவரின் முழங்காலும் குழலின் நுனியும் அசைவதற்கு. இசை பாம்புக்கு அல்ல, சுற்றி நிற்பவர்களுக்கு.

எங்கள் தலைமுறை மகுடியை அதிகம் கேட்டது தெருவில் அல்ல, வானொலியில். 1954இல் வந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்தின் பாட்டு இலங்கை வானொலியில் ஒலித்தபோது அடுப்படியில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் படத்தில் கேட்ட மகுடி மகுடியே அல்ல. கிளாவியோலின் என்ற மின்னிசைக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது அது. ஏமாற்றுக்குள் ஓர் ஏமாற்று. இருந்தும் அதன் பிறகு எந்த வித்தைக்காரர் வந்தாலும் அந்த மெட்டைத்தான் கேட்டோம்.

மகுடியின் பெயரையே கொண்ட ஆட்டமும் நம் நாட்டில் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்து ‘மகிடி’ யில் மலையாளத்திலிருந்து வரும் மந்திரவாதிகளுக்கும் உள்ளூர் மந்திரவாதிகளுக்கும் போட்டி நடக்கும். திறந்த வெளியில், பகலில், ஊரே சுற்றி நிற்க நடப்பது. ஒருவர் கட்டியதை மற்றவர் அவிழ்க்க வேண்டும்; ஒருவர் வீழ்த்தியவரை மற்றவர் எழுப்ப வேண்டும். பாட்டும் மேளமும் இல்லாமல் இதில் ஒரு மந்திரமும் பலிப்பதில்லை. படித்த வீடுகளில் இதைப் பாமர விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கலில் நம் வீடுகளும் இருந்தன.

இந்த வித்தைக்காரர்களில் சிலர் கடல் கடந்தும் போனார்கள். 1810களில் இலண்டனில் வாளை விழுங்கியும் பந்துகளை எறிந்தும் பேர் பெற்ற ‘ராமோ சாமி’ யை அங்குள்ளவர்கள் எப்படி உச்சரித்தாலும் அவர் ஓர் இராமசாமி என்பது நமக்குத் தெரிகிறது. ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்திய வித்தைக்காரரின் கைத்திறனை வியந்து ஒரு கட்டுரையே எழுதினார். இராமசாமி 1850இல் வறுமையில் இறந்தார்.

பெரிய மேடையும் திரையும் ஆர்மோனியமும் நம் நாட்டுக்கு வந்தது பார்சி நாடகக் குழுக்களோடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து எல்பின்ஸ்டன் போன்ற குழுக்கள் கொழும்பில் இறங்கின. 1867இல் கண்டிக்குக் கோச்சி வந்துவிட்டதால் மலைநாட்டு இரசிகர்களுக்கும் கொழும்பு எட்டிய தூரமாயிற்று. அந்தக் குழுக்களின் செல்ல நாடகம் ‘இந்திர சபா’. 1853இல் இலக்னோவில் அமானத் எழுதியது. தேவலோகத்து அழகிகள் ஆகாயத்திலிருந்து இறங்குவார்கள், காதலன் கிணற்றுக்குள் தள்ளப்படுவான், எல்லாவற்றுக்கும் பாட்டு. 1932இல் அதே கதை பேசும் படமானபோது ஏறத்தாழ 70 பாடல்கள் இருந்தன. இவ்வளவு பாட்டு ஏன் என்று சிரிப்பவர்கள், அழகியை இறக்கும் கயிறும் கப்பியும் எவ்வளவு சத்தம் போடும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழுக்களைப் பார்த்துச் சிங்கள நூர்த்தி நாடகம் பிறந்தது. ஜோன் டி சில்வா தம் நாடகங்களுக்கு மெட்டமைக்க 1903இல் இந்தியாவிலிருந்து விசுவநாத் லௌஜியை வரவழைத்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. காட்சியின் உணர்ச்சியை டி சில்வா விளக்க, அவர் அதற்கேற்ற ராகத்தைத் தருவார். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தபோது நாடகம் என்றால் பாட்டு என்றாகிவிட்டது. லௌஜியின் பெயர் நூறாண்டு கழித்தும் நிலைத்திருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் தபேலா வாசித்தவர் யாரென்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

தமிழ் நாடகக் குழுக்களுக்கும் இலங்கை அடிக்கடி வந்துபோகும் வீடுதான். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926இல் சேர்ந்து நடித்தது கொழும்பு மேடையில். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ‘ஸ்பெஷல் நாடக’ த்தில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல், அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும். அவர்களோடு ‘ஆல்ரவுண்டு’ என்று ஒருவர் இருப்பார். டிரம், தட்டு, மணி எல்லாம் அவர் கையில். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் மாறுகிறார். ஆள் மாறி மரம் நிற்கும் அந்த ஒரு நொடியை உண்டாக்குவது ஆல்ரவுண்டின் கை. நடிகர் வெளியேற இரண்டு விநாடி கூட வேண்டுமென்றால் அதையும் அந்தக் கைதான் தரும்.

பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுக்கும் வித்தை இதற்கெல்லாம் பிந்தியது. 1921 ஜனவரியில் இலண்டன் பின்ஸ்பரி பார்க் அரங்கில் பி. டி. செல்பிட் என்பவர் அதை முதன்முதலில் பொதுமக்களுக்குச் செய்து காட்டினார். பிரித்தானியப் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்று மூன்றே வருடம். அறுபடுவதற்குக் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்ட் அம்மையாரையே சம்பளத்துக்கு அழைத்தார் செல்பிட். வாக்குரிமைக்குப் போராடிச் சிறை சென்ற அந்த அம்மையார் மறுத்துவிட்டார். பெண்ணைப் பெட்டியில் வைப்பது ஏன் இத்தனை ஆண்டுகளாகச் சலிக்கவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. பெட்டிக்குள் இருப்பவள் சும்மா படுத்திருப்பவள் என்று சபை நினைக்கிறது. உடலைச் சுருக்குவதும் மூச்சை அடக்குவதும் தாளத்தை எண்ணிச் சரியான அடியில் காலை இழுப்பதும் அவள்தான். உள்ளே இருட்டு, வெளியே என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்வது இசை ஒன்றுதான். நம் மண்டபத்தில் ஆர்மோனியம் நின்றபோது பெட்டிக்குள் இருந்த பெண் என்ன நினைத்திருப்பாள் என்பதை இந்தக் கட்டுரையை எழுதும்வரை நாங்கள் யோசிக்கவில்லை.

பெண்கள் வித்தைக்காரர்களாகவே நின்றதும் உண்டு. அடெலெய்ட் ஹெர்மன் 1896இல் கணவர் இறந்த பிறகு குழுவைத் தாமே நடத்தி, மறுவருடம் நியூயோர்க்கில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையைச் செய்தார். வித்தையின் அரசி என்று அவரை அழைத்தார்கள்.

நம் பக்கத்தில் எல்லா வித்தைக்காரரும் பின்பற்றியது வங்காளத்துப் பி. சி. சர்க்காரை. 1913இல் பிறந்தவர். மகாராஜா உடை, தலைப்பாகை, மேடை நிறைய ஆட்கள், கூடவே வாத்தியக் குழு. அவருடைய ‘இந்திரஜால்’ காட்சியில் ஒரு செம்பு இருக்கும். ஒரு வித்தை முடிந்ததும் அதிலிருந்த நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார். அடுத்த வித்தை முடிந்ததும் அதே செம்பிலிருந்து மறுபடி நீர் கொட்டும். இரவு முழுவதும் அது வற்றாது. பாட்டில் பல்லவி திரும்பி வருவது போல அந்தச் செம்பு திரும்பி வரும். காட்சியைச் சங்கீதமாகக் கட்டத் தெரிந்தவர் அவர்.

1956 ஏப்ரல் 9ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை வட்ட வாளால் அறுத்தார். எழுப்பிப் பார்த்தார், அவள் எழவில்லை. அந்தக் கணத்தில் நிகழ்ச்சி நடத்தியவர் முன்னே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்தே போனாள் என்று பயந்து இங்கிலாந்து முழுவதும் தொலைபேசி அடித்தார்கள். மேடையில் நடந்திருந்தால் வாத்தியம் ஏறி முடிந்து, அவள் எழுந்து கும்பிட்டிருப்பாள். அங்கே அந்த முடிவு வரவில்லை. அந்தப் பெண் தீப்தி தே, வயது 17. சர்க்கார் 1971 ஜனவரியில் ஜப்பானில் காட்சி நடத்தப் போன இடத்தில் காலமானார். அவருடைய பேத்தி மேனகா இன்று வித்தைக்காரராக மேடையின் நடுவில் நிற்கிறார்.

கண்டி வாவிக் கரைக்கு வருவோம். மாலையானால் உல்லாசப் பயணிகளுக்காக நடக்கும் ஆட்டக் காட்சிகளை நாம் உள்ளூர்க்காரர் என்பதால் பணம் கொடுத்துப் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால்தான் போகிறோம். வெஸ் ஆட்டம், ரபான் சுழற்றுதல் எல்லாம் முடிந்து கடைசியில் தீ விழுங்குவார்கள், தணலில் நடப்பார்கள். தணலில் நடப்பதில் பொய்த்தட்டு எதுவும் கிடையாது. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதம் தணலில் பதியும் நேரம் சிறிது. மீதி பழக்கமும் நம்பிக்கையும். ஆனால் தயங்கி நின்றால் சுடும். நிற்க விடாமல் நடத்துவது கெட்ட பெரவின் அடி. அங்கே மேளம் மறைப்பதற்கு அல்ல, காப்பதற்கு. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் தீயில் நடந்தவரோடு படமெடுத்துக்கொள்வார்கள். மேளக்காரர் வாரை அவிழ்த்து மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசலால் போவார்.

எல்லா மேடையும் அப்படி அல்ல என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த சான்று பேராதனையில் கிடைத்தது. பேராசிரியர் சரச்சந்திர 1956இல் ‘மனமே’ யையும் 1961இல் ‘சிங்கபாகு’ வையும் தந்த காலத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று கூத்துகளை மேடையேற்றினார். ‘இராவணேசன்’ இல் இராவணனாக ஆடிய மாணவர் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. கூத்தில் மத்தளம் அடிப்பவர் ஓரத்தில் ஒளிந்திருப்பதில்லை. அண்ணாவியார் களரியிலேயே, ஆடுபவருக்குப் பின்னால், எல்லோரும் பார்க்க நிற்கிறார். ஆட்டம் பழக்கியவரும் அவர், பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவர். ஆடுபவர் முதலில் வணங்குவது அவரை. நம்மில் சிலர் அந்தக் கூத்துகளைப் பார்த்துவிட்டு இருட்டில் பேராதனை வீதியால் நடந்து வந்திருக்கிறோம். அப்போதுகூட நம் மண்டபத்து ஆர்மோனியத்தை நினைக்கவில்லை.

அந்த நிரலை இந்த மலரில் மறுபடி அச்சிடுவது என்று முடிவானதும், விடுபட்ட வரியைச் சேர்க்க அனுமதி கேட்டு ஆர்மோனியம் வாசித்த தோழிக்கு எழுதினோம். அவள் இப்போது கனடாவில். பதில் நான்கு வரி. தன் பெயர் அவசியமில்லை என்றும், மிருதங்கம் வாசித்த பிள்ளையின் பெயரைப் போடும்படியும் எழுதியிருந்தாள். “நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அந்த ‘டக்’ கை மூட அவள் இரட்டிப்பு வேகத்தில் அடித்தாள். அவளும் இல்லாவிட்டால் அன்று மூன்றாவது வரிசை அல்ல, கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். அவளை யாரும் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை.”

அந்தப் பிள்ளையின் பெயர் எங்களுக்கு நினைவிருக்கிறது. அவளைக் கேட்காமல் அச்சிட மனமில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலைநாட்டிலிருந்து 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் அவள் குடும்பமும் இருந்தது. க.பொ.த. பரீட்சை எழுதுவதற்கு முன்பே அவள் விடுதியை விட்டுப் போனாள். மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொன்ன வண்டியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் போயிருப்பார்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள்.

விடுதியில் அறுபதுகளில் இருந்தவர்கள், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள், அல்லது நீலகிரியில் உறவினர் உள்ளவர்கள் யாராவது அவளைப் பற்றி அறிந்திருந்தால் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். நிரலில் அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறோம்.